சேன் மாலோவிலிருந்து அண்ணனுக்கு

சேன் மாலோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு மூவரும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? அண்ணியிடம் தனியாகப் பேசுகிறேன்.

பாரிஸ் வெயில் தாங்காமல் லீவுக்குக் கடலோரம் வந்துவிட்டோம். மோன்பர்னாஸில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் சேன் மாலோ. நம் புதுச்சேரியில் நீங்கள் ஸ்கூட்டரில் போய்வரும் சுர்கூஃப் வீதி இருக்கிறதே, அந்த சுர்கூஃப் இந்த ஊர்க்காரர்தான். மதிலோரம் அவர் சிலை, இங்கிலாந்துப் பக்கம் கையை நீட்டியபடி நிற்கிறது. 1800-இல் வங்கக் கடலில் கென்ட் என்ற பெரிய ஆங்கிலேயக் கப்பலை மடக்கிப் பிடித்தவர். எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடிக்க ராஜாங்கமே சீட்டுக் கொடுத்து அனுப்பிய இப்படிப்பட்ட மாலுமிகளால் கொழுத்த ஊர் இது. 1746-இல் சென்னைப் பட்டணத்தைப் பிடித்த லா பூர்தொனேயும் 1699-இல் இங்கேதான் பிறந்தார். அவருக்கும் கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கும் நடந்த சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து அப்பா வாசித்துக் காட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? சுர்கூஃப் அடிமை வியாபாரமும் செய்தவர். மகளுக்கு அவர் கதையைச் சொன்னபோது அதையும் சேர்த்தே சொன்னேன். வீரத்தை மட்டும் சொல்லி வளர்க்க எனக்கு மனமில்லை.

காலையில் கடல் வற்றியிருந்தது. மணலில் நடந்தே கிரான் பே தீவுக்குப் போனோம். எழுத்தாளர் ஷத்தோபிரியான் கல்லறை அங்கே இருக்கிறது. ஒரு கருங்கல் சிலுவை, அவ்வளவுதான். பெயர்கூடப் பொறிக்கவில்லை. அதிக நேரம் நிற்க முடியாது, கடல் ஏறினால் வழி மூழ்கிவிடும். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டாம். போன் செக்கூர் கடற்கரையில் சுவர் கட்டி ஒரு நீச்சல் குளம் வைத்திருக்கிறார்கள். கடல் வற்றினாலும் அதற்குள் தண்ணீர் நிற்கும். மத்தியானம் மதில்மேல் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் குளத்துச் சுவர் ஓரமாக ஒரு நுரைக்கோடு. பிறகு சுவரின் ஒரு மூலை காணவில்லை, பிறகு சுவரே காணவில்லை. கடைசியில் குதிக்கும் மேடை மட்டும் நடுக்கடலில் தனியாக நின்றது. மகள் அங்கிருந்து எழுந்து வரவே மாட்டேன் என்றாள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக, அண்ணா. மதிலுக்குள் இருக்கும் இந்தப் பழைய ஊர் பார்ப்பதற்கு முந்நூறு வருஷத்து ஊர் மாதிரி இருக்கிறது. உயரமான கருங்கல் வீடுகள், செங்குத்தான ஸ்லேட் கூரை, நெட்டை நெட்டையான புகைபோக்கிகள். ஆனால் 1944 ஆகஸ்ட்டில் ஜெர்மானியர்களை விரட்ட அமெரிக்கப் படைகள் குண்டு போட்டபோது, மதிலுக்குள் இருந்ததில் ஏறக்குறைய எண்பது சதவீதம் எரிந்தும் இடிந்தும் போனது. மதில் தப்பியது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர் மாகோன் 1725-இல் கட்டிய மாளிகை போலச் சில வீடுகளும் தப்பின. மற்றதெல்லாம் போருக்குப் பிறகு கட்டியது.

கட்டிய விதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. லூயி அரெத்ஷ் என்ற கட்டிடக் கலைஞர் பழையதை அச்சு அசலாக நகலெடுக்கவில்லை. தெருவைக் கொஞ்சம் அகலமாக்கினார். உள்ளே இந்தக் காலத்துக்கு வேண்டிய வீட்டை வைத்தார். ஆனால் தெருவைப் பார்த்த முகத்தில் கல், ஜன்னலின் அளவு, கூரையின் சாய்வு இவற்றை விடவில்லை. ஒரு சந்தில் நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் பட்ட இடத்தில் கருங்கல்லில் அபிரகம் மினுங்குகிறது. பக்கத்திலேயே ஜன்னலில் துணி காய்கிறது, உள்ளே ரேடியோ பாடுகிறது. காட்சிக்கு வைத்த ஊர் இல்லை, குடும்பங்கள் குடியிருக்கும் ஊர்.

நம் புதுச்சேரியும் இப்படி எழுந்த ஊர்தானே? 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பழைய வீதிகளின் தடத்திலேயே திரும்பக் கட்டினோம். 2014 மழையில் நகராட்சியின் மேரி கட்டிடம் சரிந்தபோது நீங்கள்தான் போனில் கலங்கிப்போய்ப் பேசினீர்கள். அதையும் பழைய முகத்தோடு மறுபடி எழுப்பிவிட்டார்கள். அப்படியிருக்க, நின்றுகொண்டிருக்கும் நம் வீட்டை நாமே ஏன் இடிக்க வேண்டும்?

பில்டர் கேட்கிறார், ஜாயின்ட் வென்ச்சரில் ஆளுக்கு இரண்டு ஃபிளாட் வரும், எல்லாம் புரிகிறது. மட்ராஸ் டெரஸ் ஒழுகுவதும், அம்மாவால் படி ஏற முடியாததும் எனக்குத் தெரியும். அதற்காகத் திண்ணையையும் தூணையும் முற்றத்தையும் எடுக்க வேண்டாம். பின்கட்டை மட்டும் பிரித்துவிட்டு, அம்மாவுக்குத் தரையோடு ஒரு அறையும் குளியலறையும் கட்டலாம். வைசியாள் வீதியில் பழைய வீடுகளைப் புதுப்பித்த ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து வந்து காட்டுங்கள். என் பங்கு ஃபிளாட் எனக்கு வேண்டாம். செலவில் பாதியை நான் அனுப்புகிறேன், என் வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார்.

நான் டிசம்பரில் வருகிறேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணா.

உங்கள் அன்புத் தங்கை