பிரான்ஸா, அர்ஜென்டினாவா, தலைவாஸா? தேங்காய்த்திட்டில் ஒரு வார இறுதி!

புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கடலூர் சாலையில் வந்து, மரப்பாலம் சந்திப்பில் கடல் பக்கம் திரும்பினால் தேங்காய்த்திட்டு. ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்கள் முன்னால் செல்ஃபி எடுக்க வருபவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு. நீர் சூழ்ந்த மேட்டு நிலத்தைத்தான் 'திட்டு' என்பார்கள். அரியாங்குப்பம் ஆறு, உப்பனாறு, அலையாத்திக் காடு, மீன்பிடித் துறைமுகம், வரிசைகட்டி நிற்கும் விசைப்படகுகள் என்று இந்த ஊருக்குத் தனி முகம் உண்டு. இதே ஆற்றங்கரையில் கொஞ்சம் தள்ளி அரிக்கமேடு. ரோமானியர்களோடு வணிகம் செய்த இடம். வெளியூர்க்காரர்களோடு உறவு கொண்டாடுவது இந்தத் தண்ணீருக்குப் பழகிப்போன விஷயம்.

சித்தப்பா வீடு இங்கேதான். 2022 டிசம்பர் 17, 18 சனி, ஞாயிறு இரண்டு நாளும் டெஸ்க் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். காரணம், இப்படி ஒரு வார இறுதி மறுபடி எப்போது வாய்க்கும் என்று தெரியாது. சனி இரவு புரோ கபடி லீக் இறுதிப்போட்டி. அதே நேரத்தில் உலகக்கோப்பை கால்பந்தில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஞாயிறு காலை இந்தியா - வங்கதேசம் டெஸ்ட்டின் கடைசி நாள். ஞாயிறு இரவு அர்ஜென்டினா - பிரான்ஸ் ஃபைனல். மூன்று விளையாட்டு, மூன்று வெவ்வேறு சேனல்கள், வீட்டில் ஒரே ஒரு டி.வி!

சனிக்கிழமை: ரிமோட் யார் கையில்?

மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. துறைமுகம் பக்கம் போனால் டீக்கடை பெஞ்சில் புயலைவிட அதிகமாகப் பேசப்பட்டது இரண்டு புள்ளிகள். வியாழக்கிழமை அரையிறுதியில் புனேரி பல்தானிடம் தமிழ் தலைவாஸ் 37-39 என்று தோற்ற அந்த இரண்டு புள்ளிகள்!

2017-ல் லீக்குக்குள் வந்த தலைவாஸ், ப்ளே-ஆஃப் பக்கம் வந்ததே இந்த ஒன்பதாவது சீசனில்தான். 2.26 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். 'இந்த வருஷமும் அவ்வளவுதான்' என்று எல்லோரும் கை கழுவிய அணியை, முதல் சீசன் ஆடிய நரேந்தர் 240 ரெய்டு புள்ளிகளுக்கு மேல் எடுத்து அரையிறுதி வரை தூக்கிக்கொண்டு வந்தார். அதனால் சனிக்கிழமை ஃபைனலில் யார் ஜெயித்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். ஆனாலும் பார்த்தோம். ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் 33-29 என்று புனேரி பல்தானை வீழ்த்தி, 2014-க்குப் பிறகு இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. "நம்மளத் தோக்கடிச்சவன் தோத்துட்டான்" என்று தம்பிக்கு ஒரு அற்ப சந்தோஷம். அந்தப் பக்கம் மொராக்கோவை 2-1 என வென்று குரோஷியா மூன்றாம் இடம் பிடித்ததை விளம்பர இடைவேளைகளில் மொபைலில்தான் பார்த்தேன்.

ஒரு ரசிகையாக இங்கே என் முதல் புகார். தலைவாஸ் என்று பெயர் வைத்த அணியில் தமிழ் பேசும் வீரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காக ஹரியானா பையன்களை வெறுக்க முடியுமா என்றால், முடியாது. நரேந்தர் ரெய்டு போகும்போது டீக்கடையில் யாரும் அவருடைய ஆதார் அட்டையைக் கேட்கவில்லை. ஆனால், துறைமுகத்துக்குப் பக்கத்து மண்ணில் கோடு கிழித்துக் கபடி ஆடும் பையன்களில் ஒருவன், "நம்ம ஊரு ஆளு யாராச்சும் ஆடுறாங்களாக்கா?" என்று கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.

ஞாயிறு காலை: இட்லி ஆறுவதற்குள்...

மார்கழி மூன்றாம் நாள். சித்தி விடியற்காலையே கோலம் போட்டு முடித்திருந்தார். சட்டோகிராமில் 513 ரன் இலக்கை விரட்டிய வங்கதேசம், 272-க்கு 6 விக்கெட் என்ற நிலையில் கடைசி நாளைத் தொடங்கியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 324-க்கு ஆல் அவுட். 188 ரன்னில் இந்தியா வெற்றி.

மெஸ்ஸி சத்தத்தில் இந்த வெற்றி காணாமலே போனதுதான் எனக்கு வருத்தம். முதல் இன்னிங்ஸில் 90-ல் அவுட்டான புஜாரா, இரண்டாவதில் 102 நாட் அவுட். ஏறக்குறைய நான்கு வருடத்துக்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் சதம். நம்ம அஷ்வின் 58, குல்தீப் 40 என்று எட்டாவது விக்கெட்டுக்குச் சேர்ந்து 92 ரன் எடுத்தார்கள். குல்தீப் பந்துவீச்சில் எட்டு விக்கெட் வேறு. மற்ற எந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் இதுதான் தலைப்புச் செய்தி.

ஞாயிறு இரவு: ஒரே வீட்டில் இரண்டு தேசம்

புதுச்சேரி என்றாலே பிரான்ஸ் பக்கம்தான் நிற்கும் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-ல் இந்த மண் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்வு செய்ய இங்கிருந்தவர்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற 'சொல்தா'க்களை இன்றும் இந்த ஊரில் பார்க்கலாம். பாரிஸில் மாமாவோ, மச்சானோ இல்லாத தெரு குறைவு.

சித்தப்பாவின் மச்சான் அங்கேதான் இருக்கிறார். ஆகவே, சித்தப்பா பிரான்ஸ் கட்சி. பத்தாவது படிக்கும் தம்பி மெஸ்ஸி கட்சி. இரவு 8.30-க்கு லுசைல் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. 23-வது நிமிடம் மெஸ்ஸி பெனால்டி, 36-வது நிமிடம் டி மரியா. 2-0. முதல் பாதியில் பிரான்ஸ் கோலை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. சித்தப்பா எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

80-வது நிமிடம் எம்பாப்பே. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி எம்பாப்பே. "டேய், ஒலியக் கூட்டுடா!" என்று கை கழுவாமலே ஓடிவந்தார் சித்தப்பா. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று. 3-3. 1966-ல் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட்டுக்குப் பிறகு ஆண்கள் உலகக்கோப்பை ஃபைனலில் ஹாட்ரிக் அடித்தவர் எம்பாப்பே மட்டும்தான். கடைசி நொடிகளில் கோலோ முவானி அடித்த பந்தை மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தாரே... அங்கேதான் கோப்பை கைமாறியது. பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-2. பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடித்தது. பிரெஞ்சு ஊரில், பிரான்ஸ் தோற்றதற்குப் பட்டாசு!

"மெஸ்ஸி ஜெயிச்சதுக்குடா அது, பிரான்ஸ் தோத்ததுக்கு இல்ல" என்று சித்தப்பாவே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

என் தீர்ப்பு

அர்ஜென்டினா ஜெயித்தது நியாயம்தான். எண்பது நிமிடம் ஆட்டம் அவர்கள் கையில் இருந்தது. ஆனால், மூன்று கோல் அடித்த ஒருவர் தோற்றவராக மைதானத்தில் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. 120 நிமிடம் பதினோரு பேர் சேர்ந்து ஆடியதை, ஒற்றை ஆள் எதிரே ஒற்றை ஆள் என்று முடித்து வைப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். கபடியைப் பாருங்கள். அதே வாரம் செவ்வாய்க்கிழமை உ.பி. யோத்தாஸோடு தலைவாஸ் 36-36 என்று சமனில் நின்றது. டை-பிரேக்கரில் இரண்டு அணிக்கும் ஐந்தைந்து ரெய்டு. ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒவ்வொருவர் போக வேண்டும், எதிரே ஏழு பேரும் நின்று தடுப்பார்கள். 6-4 என்று தலைவாஸ் ஜெயித்தது. அங்கே அணிதான் ஜெயிக்கிறது, அணிதான் தோற்கிறது. ஃபிஃபா நம்மிடம் யோசனை கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்!

இன்னொன்று. எம்பாப்பேயின் அப்பா வழி கேமரூன், அம்மா வழி அல்ஜீரியா. அவர் வளர்ந்து ஆடப் பழகியது பாரிஸின் புறநகரான போண்டியில். அங்கே ஒரு கிளப் இருந்தது, புல்தரை இருந்தது, பையனைப் பார்த்து 'இவன் தேறுவான்' என்று சொல்ல ஆள் இருந்தது. தேங்காய்த்திட்டில் ஆற்று மண் இருக்கிறது, ஆடப் பையன்கள் இருக்கிறார்கள். ஆனால், புரோ கபடி நடப்பது மேட்டில், காலில் ஷூவோடு. மண்ணில் வெறுங்காலோடு பழகியவனுக்கு மேட்டில் திரும்புவதே வேறு வித்தை. வாரத்தில் இரண்டு நாள் ஆடிப் பழக ஒரு மேட், சொல்லித் தர ஒரு பயிற்சியாளர். பெரிய ஸ்டேடியமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உலகத்தில் இருக்கும் எல்லா அணிக்கும் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஊருக்கு இதுகூடச் செய்யக் கூடாதா?

புதுச்சேரி வந்தால் ஒரு மாலை தேங்காய்த்திட்டுக்கும் வாருங்கள். படகுகளைப் பாருங்கள், அலையாத்திக் காட்டில் வந்து அடையும் பறவைகளைப் பாருங்கள். துறைமுகத்துப் பக்கம் கோடு கிழித்து ஆடிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடம் நின்று கை தட்டிவிட்டுப் போங்கள். அவர்களுக்கும் ரசிகர்கள் வேண்டும்.