600 ரூபாயும் ஒரு நல்ல உடுப்பும்

ஆள் பாதி, ஆடை பாதி என்று முதன்முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. ஆனால் அவர் நிச்சயமாகக் கையில் ஓர் உத்தியோகம் உள்ளவராகத்தான் இருந்திருக்க வேண்டும். உத்தியோகம் உள்ளவருக்கு ஆடை பாதியோடு போயிற்று. உத்தியோகம் தேடுகிறவருக்கோ பல சமயங்களில் அது முக்கால் பங்காகி விடுகிறது. நேர்முகத் தேர்வுக்குப் போனால், நாம் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எதிரில் இருப்பவரின் கண் தோள்பட்டைத் தையலில் ஆரம்பித்துச் செருப்பு வரைக்கும் ஒரு நடை போய் வந்து விடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா?

இதைப் பற்றி எழுத எனக்குக் காரணம் உண்டு. என் தங்கை பி.காம். படித்தவள். மணலியில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். அப்பா ஒப்பந்தத் தொழிலாளியாக உழைத்து, முழங்கால் தேய்ந்து வீட்டோடு வந்துவிட்டார். வாசலில் அம்மா போடும் இட்லிக் கடைதான் குடும்பத்துக்கு ஆதாரம். தங்கை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் பூர்த்தியான பிறகு அவளுக்கு அரசாங்க உதவித் தொகை வர ஆரம்பித்தது. மாதம் 600 ரூபாய்.

இந்த உதவித் தொகையைப் பற்றி நம்மில் பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மாதா மாதம் வராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வங்கிக் கணக்கில் வந்து விழும். அதுவும் மூன்று வருஷங்களுக்குத்தான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு நாற்பத்தைந்து வரை சலுகை உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்குத் தொகை கூடுதல். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் படித்தவர்களுக்குக் கிடையாது.

"சும்மா இருப்பதற்குச் சம்பளமா?" என்று கேலி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 600 ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கு வைத்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய். விண்ணப்பத்துக்கு நகல் எடுப்பது, கைப்பேசிக்குப் பணம் கட்டுவது, அப்பாவுக்கு மாத்திரை வாங்குவது எல்லாம் போக, உடுப்புக்கு என்ன மிஞ்சும்?

போன வருஷம் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து தங்கைக்கு அழைப்பு வந்தது. அவள் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பிறகு என்னிடம்தான் உண்மையைச் சொன்னாள். அந்தக் கம்பெனிக்கு ஏற்கெனவே இரண்டு முறை போயிருக்கிறாள். இரண்டு முறையும் அதே நீலச் சுடிதார். மூன்றாவது முறையும் அதையே போட்டுக்கொண்டு அதே பெண்மணியின் எதிரில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. வேலை கிடைக்காமல் போவதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஒரு சுடிதாருமா காரணமாக வேண்டும்?

"நீ அக்காதானே, ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். "அக்கா, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீ எடுத்துக் கொடுக்கிறதைச் சந்தோஷமாப் போட்டுக்கிறேன். நடுவிலே ஒரு தடவை கேட்டுட்டா, அப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்கத் தோணும். அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிடிவாதத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆகவே, மூன்று மாதத்துக்கு வரும் 1,800 ரூபாயில் 300 ரூபாயை உடுப்புக்கென்று தனியாக எடுத்து வைப்பது என்று இருவரும் தீர்மானித்தோம். இரண்டு தவணை சேர்ந்ததும் கடைக்குப் புறப்பட்டோம்.

எங்கே என்கிறீர்களா? வடசென்னைக்காரர்களுக்கு அதைச் சொல்லவா வேண்டும்? பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுதான்! கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்த பேட்டை அது. இன்றைக்கும் துணியை நம்பித்தான் அங்கே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. பஸ் செலவும் எங்களுக்கு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் அல்லவா? 600 ரூபாயில் காலம் தள்ளுகிற ஒரு பெண்ணுக்கு அந்தச் சீட்டின் மதிப்பு என்ன என்பது காரில் போகிறவர்களுக்குப் புரியாது.

அங்கே நாங்கள் கற்றுக்கொண்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். தீபாவளி நெருக்கடியில் போகாதீர்கள். சாதாரண நாளில், முற்பகலில் போனால் கடைக்காரர் நின்று பேசுவார். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவு நெருக்கமா, சல்லடையா என்பது தெரிந்துவிடும். கைக்குட்டையின் நுனியை நனைத்து ஓர் ஓரத்தில் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரியும். உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். ஓர் அங்குலமாவது துணி விட்டிருந்தால் பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக் கொள்ளலாம். பருத்தித் துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். மணலிச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு வெள்ளையும் சந்தன நிறமும் தாங்காது. தங்கை மாந்தளிர் நிறத்தில் ஒரு மேல் சட்டையும், எதோடும் சேரும்படி ஒரு கறுப்புக் காற்சட்டையும், ஒரு துப்பட்டாவும் எடுத்தாள். எல்லாமாகச் சேர்த்து 540 ரூபாய். பாக்கிப் பணத்தில் ஆளுக்கு ஒரு டீ.

இன்னொரு வழி நம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று, முந்தானை கிழிந்து கிடந்தது. நல்ல பாகத்தை வெட்டித் தெருக்கோடித் தையற்காரம்மாவிடம் கொடுத்ததில் அழகான ஒரு மேல் சட்டை கிடைத்தது. தையற் கூலி மட்டும்தான் செலவு. இதில் கௌரவக் குறைச்சல் என்ன? இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941ஆம் வருஷம் ஜூன் மாதம், இங்கிலாந்தில் உடுப்புக்கே ரேஷன் போட்டார்கள். 1949 மார்ச் வரையில் அது நீடித்தது. பழையதைத் தைத்து எப்படி மறுபடியும் உடுத்துவது என்று அரசாங்கமே புத்தகம் போட்டு அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஊரே ஒட்டுப் போட்டுக்கொண்ட காலத்தில் ஒட்டுப் போட்ட துணிக்கு யாரும் வெட்கப்படவில்லை. ஒருத்தி மட்டும் போடும்போதுதான் அது வெட்கமாகி விடுகிறது.

நம் வடசென்னையின் கதையே கொஞ்சம் விசித்திரமானது. பெரம்பூர் பி அண்டு சி மில்லில் ஆயிரக்கணக்கானோர் துணி நெய்து உலகத்துக்கு அனுப்பினார்கள். அந்த மில் 1996இல் மூடப்பட்டது. மணலியிலோ 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. உரத் தொழிற்சாலையும் மற்ற ஆலைகளும் வந்தன. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் புகைபோக்கிகள் தெரியும். காலை ஷிப்டுக்குச் சீருடை போட்டவர்கள் வரிசையாகப் போவதைத் தங்கை தினமும் பார்க்கிறாள்.

அந்தச் சீருடையைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. சத்துணவு சாப்பிடும் பள்ளிக் குழந்தைகளுக்கு அரசாங்கம் வருஷத்துக்கு நான்கு செட் சீருடை கொடுக்கிறது. பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை கொடுக்கும் திட்டம் 1983இல் ஆரம்பித்தது. அதனால் நெசவாளிக்கும் வேலை, இல்லாதவர்களுக்கும் துணி. ஆலைக்குள் போய்விட்டால் அங்கே ஒரு சீருடை. பள்ளிக்கூட வாசலை விட்டு வெளியே வந்து, ஆலை வாசலுக்குள் இன்னும் போகாமல், நடுவில் நிற்கிற பெண்ணுக்கு என்ன உடுப்பு? அவளுக்குத்தான் எல்லோரையும்விட நல்ல உடுப்பு அவசியம். அவளிடம்தான் அதற்குப் பணமும் இல்லை.

உங்கள் பீரோவிலும் உடுத்தாத துணிகள் இருக்கும். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர் தெருவில் கூவும்போது கைக்கு அகப்பட்டதை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதில் நன்றாக இருப்பதை எடுத்து வையுங்கள். பக்கத்தில் வேலை தேடும் பெண் யாராவது நிச்சயம் இருப்பாள். அவளுக்குக் கொடுக்கும்போது நாலு பேர் எதிரில் கொடுக்க வேண்டாம். "எனக்கு இது சிறிதாகிவிட்டதம்மா, உனக்குச் சரியாக இருக்குமா பார்" என்று கேட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள்.

தங்கை அந்த மாந்தளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு இதுவரை இரண்டு இடங்களுக்குப் போய் வந்திருக்கிறாள். ஓர் இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னோர் இடத்திலிருந்து பதில் வர வேண்டும். உதவித் தொகை இன்னும் நான்கு தவணைதான் பாக்கி. அழைப்பு எப்போது வந்தாலும் புறப்படத் தயாராக, சட்டையும் காற்சட்டையும் இஸ்திரி போட்டபடி அலமாரியில் தொங்குகின்றன. இனி அவளுக்குத் தலைவலி வராது என்றுதான் நினைக்கிறேன்.