மலடி என்னும் சொல்

'மலடி' என்ற சொல் ஊர் வாயில் வாழ்கிறது. 'மலடன்' அகராதியில் உறங்குகிறது. புத்தளக் கரையோரத்தில் நான் கற்பித்த பெண்ணொருத்தி, உடப்புத் திரௌபதையம்மனுக்கு நேர்த்தி வைத்தே ஆண்டுகளைக் கழிக்கிறாள். கணவனைப் பரிசோதிக்கச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

விஞ்ஞானமோ, பிள்ளைப்பேறின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் குறைக்கும் பங்குண்டு என்கிறது. விந்தணுவின் டீ.என்.ஏ.யில் ஒட்டியுள்ள மெதயில் என்னும் நுண்குறிகள், எந்தப் பரம்பரையலகு இயங்குவது, எது அடங்குவது என வகுக்கின்றன. விந்தணு குறைந்த ஆடவர் சிலரிடம் அக்குறிகள் பிறழ்ந்திருப்பதை 2004இல் போர்த்துக்கல் ஆய்வாளர் கண்டனர். பிறழ்வு காரணமா, உடன்வரும் அடையாளமா என்பது இன்னும் ஆய்வுக்குரியது. வழமையான விந்துப் பரிசோதனை இக்குறிகளைக் காட்டாது.

ஆயினும் அந்த முதற் பரிசோதனைக்கேனும் ஆண் முன்வரட்டும். பாதி வழக்கை விசாரியாமலே பெண்ணுக்குத் தண்டனை விதிப்பது எந்த ஊர் நீதி?