நங்கோனாவும் பனடோலும், சீந்திலும் மூட்டுவலி மாத்திரையும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கருப்பட்டிக் காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களும், வீட்டில் அறுபது தாண்டிய அப்பா அம்மா உள்ளவர்களும் பாதியில் விட்டுவிட வேண்டாம்.

போன மாதம், பிஜியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, இங்க சாயங்காலம் ஆனா எல்லாரும் கூடி இருந்து நங்கோனா குடிக்காங்க. கூப்பிட்டா போகாம இருக்க முடியல. மறுநாள் காலைல தலை கனமா இருக்கு. ரெண்டு பனடோல் போட்டா சரியாயிரும்னு கூட இருக்கவன் சொல்லுகான். போடலாமா?"

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவன். ஆனால் ஒரு பொருள் உடம்புக்குள் போனபிறகு என்ன ஆகிறது என்பது கெமிஸ்ட்ரிதான். அவனுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். இந்தக் கேள்வி பிஜிக்கு மட்டும் உரியது இல்லை. வேறு பெயரில் நம் வீடுகளிலும் இருக்கிறது.

முதலில் நங்கோனா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உலகம் இதைக் காவா என்கிறது. பசிபிக் தீவுகளில் வளரும் ஒரு செடியின் வேர். காயவைத்து இடித்த பொடியைத் துணியில் கட்டி, பச்சைத் தண்ணீரில் பிசைந்து கரைத்து, மரத்தொட்டியில் ஊற்றி வைப்பார்கள். குடிப்பது நம்மூர்ச் சிரட்டையில்தான். ஒருமுறை கை தட்டி, சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூன்றுமுறை கை தட்ட வேண்டும். இதில் சாராயச் சத்து கிடையாது. நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், மனசு அமைதியாகும், தூக்கம் வரும்.

இந்தச் செடி நமக்கு அந்நியமும் இல்லை. கமுகில் படர்ந்து கிடக்கும் நம் நல்லமிளகு, வெற்றிலை, திப்பிலி எல்லாம் 'பைப்பர்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காவாவும் அதே குடும்பம்தான், நல்லமிளகுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி, பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் அந்த மண்ணின் மக்களிடமிருந்து இந்தப் பழக்கத்தைக் கற்றார்கள். 1926-ல் நாடி என்ற ஊரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கிப் பள்ளிக்கூடங்களும் நடத்திய சமூகம் அது. இன்று அவர்கள் வீட்டுக்குப் போனால் நாம் காப்பி கொடுப்பதுபோல நங்கோனா கொடுப்பார்கள். அதனால் அதை யாரும் மருந்தாகவோ போதையாகவோ கணக்கில் எடுப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் காவாவை மாத்திரையாக்கி, மனப்பதற்றத்துக்கு மருந்தாக விற்றார்கள். சிலருக்கு ஈரல் கெட்டது. 2002-ல் ஜெர்மனி அதற்குத் தடை போட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் எச்சரிக்கை விட்டது. தீவுக்காரர்கள், "நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. 2014-ல் ஜெர்மன் நீதிமன்றமே அந்தத் தடை சரியில்லை என்றது. சர்ச்சை அதோடு ஓயவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், ஈரல் பாதிப்பு என்று வந்த 93 பேருடைய விவரங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 8 பேரிடம்தான் காவாவுக்கும் பாதிப்புக்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. யாருக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் சொன்னார்கள்: தண்ணீரில் கரைக்காமல் சாராயம், அசிட்டோன் போன்றவற்றில் பிரித்தெடுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அளவுக்கு மிஞ்சுகிறவர்கள், ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்கள், மது குடிக்கிறவர்கள், கூடவே வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள். நமக்கு வேண்டியது அந்தக் கடைசி ஆள்.

இப்போது பனடோலுக்கு வருவோம். அங்கே பனடோல், இங்கே குரோசின், கால்பால், டோலோ. பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே பாராசிட்டமால். சரியான அளவில் நல்ல மருந்து. ஈரல் அதன் பெரும்பகுதியோடு சர்க்கரை அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, சிறுநீர் வழியாக வெளியே அனுப்பிவிடும். கொஞ்சம் மட்டும், நூற்றுக்கு ஐந்து பத்துப் பங்கு, நச்சுப் பொருளாக மாறும். அந்த நச்சைப் பிடித்துக் கட்டிப்போட ஈரலில் குளூட்டாதயோன் என்றொரு காவல்காரன் இருக்கிறான். அளவோடு சாப்பிட்டால் அவன் சமாளிப்பான். அளவு மிஞ்சினாலோ, பட்டினி கிடந்தாலோ, தினமும் குடிக்கிறவராக இருந்தாலோ, காவலுக்கு ஆள் போதாது. நச்சு ஈரல் செல்களையே பிடிக்கும்.

காவா இதில் எங்கே வருகிறது? மருந்துகளை உடைக்கிற ஈரல் நொதிகள் சிலவற்றின் வேலையை அது மாற்றுகிறது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், காவாவில் உள்ள ஃபிளேவோகவைன் என்ற பொருட்களைப் பாராசிட்டமாலோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது, பாராசிட்டமால் மட்டும் கொடுத்ததைவிட ஈரல் கூடுதலாகக் கெட்டது. எலி மனுஷன் இல்லை. ஒருநாள் காவா குடித்து, மறுநாள் ஒரு மாத்திரை போட்டதால் யாரும் விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அது, தினமும் காலையில் இது என்று வழக்கமானால், ஒரே ஈரலிடம் இரட்டை வேலை வாங்குகிறோம். அந்த ஊரில் நங்கோனாவுக்குப் பிறகு பீர் குடித்து முடிக்கிற வழக்கமும் உண்டு. அப்படியானால் மூன்று வேலை.

மருமகனுக்கு நான் எழுதியது இதுதான்: "மக்கா, போய் இரு. ஒரு சிரட்டையோடு எழும்பு. பீர் வேண்டாம். தலை கனத்தால் முதலில் தண்ணி குடி, சாப்பிடு, தூங்கு. காவா குடித்த நாளில் மாத்திரை வேண்டாம். தலைவலிக்குத் தினமும் மாத்திரை தேவைப்பட்டால், விட வேண்டியது நங்கோனாவை. கோடீன் கலந்த வலி மாத்திரையும், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் அதோடு சேரவே கூடாது. ரெண்டுமே தூக்கம், வண்டி ஓட்டினால் முடிந்தது கதை. ஐபுபுரோஃபென் ஈரலுக்குப் பதில் இரைப்பையையும் கிட்னியையும் பிடிக்கும், அதனால் அதற்கு மாறிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே."

இனி நம் வீட்டுக் கதை. கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று ஊரெல்லாம் கசாயம் கொதித்தது. எங்கள் அத்தானும் தினமும் சீந்தில் கசாயம் குடித்தார். அவருக்கு மூட்டுவலி உண்டு. வயலுக்குப் போய்வந்தால் மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கிப் போடுவார். அசிக்ளோபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. நாலு மாதத்தில் சோறு இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு, கண் மஞ்சள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" அத்தான் "இல்லை" என்றார். டாக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை. வெளியே வந்தபிறகு அக்காதான் மெதுவாக, "அந்தச் சீந்தில் கசாயத்தைச் சொல்லலியே" என்றாள். அத்தானுக்குக் கோபம். "அது மருந்தா? வேலியில படர்ந்து கெடக்க கொடிதானே."

அக்கா திரும்ப உள்ளே போய்ச் சொன்னாள். கசாயம், மாத்திரை இரண்டையும் அன்றே நிறுத்தச் சொன்னார்கள். கண் வெளுக்க இரண்டு மாதம் ஆனது. இன்று நன்றாக இருக்கிறார், இந்தப் பதிவையும் வாசிப்பார். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் அப்படித்தான், யாராலும் பிரிக்க முடியாது.

அது அத்தானுக்கு மட்டும் வந்ததும் இல்லை. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு ஈரல் பாதித்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, வேறு கொடியைச் சீந்தில் என்று எடுத்திருக்கலாம் என்றது. அடுத்த வருஷம் கேரள மருத்துவர் ஏபி பிலிப்ஸும் மற்றவர்களும் நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேருடைய விவரங்களை வெளியிட்டார்கள். சீந்திலை ஒழித்துக்கட்டச் சொல்லி நான் இதை எழுதவில்லை. வைத்தியரைக் கேட்டு, சொன்ன அளவில், சொன்ன நாளுக்குச் சாப்பிடுவது ஒன்று. வாட்ஸப்பைப் பார்த்து மாதக்கணக்கில் குடிப்பது வேறொன்று.

நல்லமிளகே சும்மா இருப்பதில்லை. 1998-ல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரிக்காரர்கள், மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது பல மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். ரசத்துக்குப் போடும் மிளகால் பயமில்லை. ஒரு பொருள் இன்னொரு பொருளின் அளவை உடம்புக்குள் மாற்றும் என்பதற்குச் சொல்கிறேன்.

என் வயதுக்காரர்களிடம் நான் பார்ப்பது இதுதான். டாக்டரிடம் கசாயத்தைச் சொல்ல மாட்டார்கள், அது மருந்து இல்லையாம். ஆசானிடமும் சித்த வைத்தியரிடமும் மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள், அவர் கோபிப்பாராம். இரண்டு பேரும் பாதி உடம்பைத்தான் பார்க்கிறார்கள். ஈரலுக்கு மட்டும் முழுக் கணக்கும் வந்து சேருகிறது.

ஆகவே பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் மாத்திரைகள், இன்னொன்றில் கசாயம், லேகியம், சூரணம், பொடி எல்லாம். மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். மூன்றையும் கூட்டுங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக் கூடாது. 500 மில்லிகிராமில் எட்டு, 650-ல் ஆறு. வயதானவர்கள், மெலிந்தவர்கள், குடிக்கிறவர்கள், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு எல்லை அதைவிடக் குறைவு. அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடவே கூடாது, ரத்தக்கசிவு வரும்.

கண் மஞ்சள், சிறுநீர் கட்டன் சாயா நிறம், அரிப்பு, பசியின்மை, வலது விலாவுக்குக் கீழே வலி, இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் எதையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

தாள் எழுதி முடித்தவர்கள் கீழே ஒரு வரி போடுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்ததைக் கண்டுபிடித்தால் அதையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்