கழுவெளி என்றொரு சொல்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் யாரும் 'சதுப்புநிலம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தாவுக்கு அது கழுவெளி. "கழுவெளிப் பக்கம் போயிட்டு வரேன்" என்று கிளம்பினால், திரும்பும்போது சைக்கிள் கேரியரில் மாட்டுக்குப் புல்லும், முழங்கால் வரை கருஞ்சேறும் இருக்கும்.

எனக்கு எட்டு வயதில் ஒருநாள் என்னையும் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். பள்ளிக்கரணை ஓரத்தில் ஆளுயரக் கோரை. அதை விலக்கிக் காட்டினார். அல்லி இலைமேல் ஒரு நீளவால் இலைக்கோழி. குச்சி குச்சியான நீண்ட விரல்களைப் பரப்பி, இலை அமிழாமல் நடந்துவந்து, எண்ணெய் பூசியதுபோல் பளபளத்த நான்கு பழுப்பு முட்டைகள்மேல் உட்கார்ந்தது. "சத்தம் போடாதடா, அப்பன்காரன் அடைகாக்குறான்" என்றார் தாத்தா. அந்த இனத்தில் முட்டையிட்டதும் பெட்டை போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான் என்று பிற்பாடுதான் புத்தகத்தில் படித்தேன். பள்ளிக்கூடம் போகாத தாத்தாவுக்கு அது பார்த்துப் பார்த்தே தெரிந்திருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் சுற்றுவட்டாரத்து ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி, வழிந்த தண்ணீரெல்லாம் அங்கே வந்து சேரும். கழுவெளி அதைத் தாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் மெல்ல மெல்ல அனுப்பும். "அது நிரம்பினாத்தான் நம்ம கெணத்துல தண்ணி நிக்கும்" என்பார் பாட்டி.

1960-களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடந்த நிலம் அது. ஒருபக்கம் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்தது; மறுபக்கம் சாலைகளும் கட்டடங்களும் ஏறின. தாத்தா இறந்த வருஷம், அவர் புல் அறுத்த இடத்தில் மண் லாரிகள் நின்றன. நிலத்தோடு சொல்லும் போயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு அது வெறும் காலியிடம். காலியிடம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் கொட்டலாம். 2015 டிசம்பரில், தங்க இடமில்லாத தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் இடுப்பளவு வந்து நின்றது.

மிச்சம் இருப்பது தானாக மிஞ்சியதல்ல. அக்கம்பக்கத்துக் குடியிருப்பு மக்களும் பறவை ஆர்வலர்களும் விடியற்காலையில் போய்ப் பறவைகளை எண்ணினார்கள், குப்பை லாரிகளைப் படம் எடுத்தார்கள், மனு எழுதினார்கள், நீதிமன்றப் படி ஏறினார்கள். 2007-ல் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022-ல் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. பழைய பரப்பில் அது கால் பங்குகூட இல்லை. ஆனால் அந்தக் கால் பங்குக்கு இப்போது உலகமறிந்த ஒரு பெயர் இருக்கிறது. பெயருள்ள இடத்தைக் காலியிடம் என்று சொல்லிவிட முடியாது.

போன மார்கழியில் பேத்தியைக் கரைக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. "இந்த எடத்துக்குப் பேரென்ன தாத்தா?" என்றாள். சொன்னேன். இரண்டாம் முறை சொன்னபோது 'ழ' சரியாக வந்தது.