சிறு வீட்டில் சிறு நாய்

சிறிய வீட்டுக்குச் சிறிய நாய்தான் ஏற்றது என்று பலரும் எண்ணுகின்றனர். இடம் சிறிது, உணவு சிறிது, ஆகவே செலவும் சிறிதுதான் என்பது அவர்களது கணக்கு. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திலும் இக்கணக்கு எழுந்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் எங்கள் இளைய மகள், தோழியின் வீட்டில் பக் நாய்க்குட்டி ஒன்றைக் கண்டுவந்த நாள்முதல் வேறு பேச்சே பேசுவதில்லை.

எங்கள் நிலையை முதலில் சொல்லிவிடுகிறோம். திருச்சியில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவன் மனைவி இருவருமே காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புகிறோம். பகலில் வீட்டில் இருப்பவர் எழுபத்தெட்டு வயதான பாட்டி ஒருவரே. அவரும் ஊன்றுகோல் கொண்டு நடப்பவர்.

பக் இனத்தைப் பற்றி நாங்கள் அறிந்திருந்ததெல்லாம், 2003-ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் வந்த கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடிய அந்த நாயை மட்டுமே. அதன் தட்டையான முகத்தை அழகு என்று நாடே கொண்டாடிற்று. அந்த முகம் நாய்க்கு என்ன செய்கிறது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் எங்களுக்கு விளக்கினார். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக் நாய்க்கோ மூக்குத் துளை குறுகியது. அண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுவழியை மறைக்கிறது. வியர்க்கும் நமக்கு மின்விசிறி போதும், அதற்குப் போதாது. “கோடைப் பகலில் குளிர்சாதன அறை தர இயலுமா?” என்று அவர் வினவினார். எங்களுக்கே அவ்வசதி இல்லாதபோது என்ன விடை கூறுவது?

அடுத்துப் பொமரேனியன். நம் தெருக்களில் அப்பெயரால் அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. உண்மையான பொமரேனியன் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் நிறை கொள்ளாது. 1888-இல் பிளாரன்ஸ் நகருக்குச் சென்ற விக்டோரியா அரசி அவ்வின நாயை விரும்பி உடன் கொண்டு சென்ற பின்னரே, அதை மேலும் மேலும் சிறிதாக்கி வளர்க்கும் வழக்கம் பெருகிற்று. சிறிதாக்கியவர்கள் பற்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியவில்லை! பெரிய நாய்க்கும் 42 பற்கள், கைக்குள் அடங்கும் நாய்க்கும் 42 பற்களே. சிறிய தாடையில் அவை நெருக்கியடித்து முளைத்து, அழுக்கு சேர்ந்து விரைவில் ஈறு நோய்க்கு உள்ளாகின்றன. மயக்க மருந்து கொடுத்துத்தான் அவற்றைச் சுத்தம் செய்ய இயலும். கட்டிலிலிருந்து குதித்தாலே எலும்பு முறியக்கூடும். முழங்கால் சில்லு இடம் பெயர்வதும் உண்டு. மூச்சுக்குழல் நலிவானதால் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்கலாகாது. மார்புப் பட்டை தேவை. மிகச் சிறிய குட்டிகளுக்கு நாளைக்கு நான்கு முறையேனும் உணவு தர வேண்டும். தவறினால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். பகலில் அதை ஊட்டுபவர் யார்?

இரவில் கணக்கு நோட்டை விரித்து அமர்ந்தோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பிற தடுப்பூசிகளும் ஆண்டுதோறும். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, உரோமப் பராமரிப்பு. உணவும் நாங்கள் எண்ணியதுபோல் மீந்த சோறு அன்று. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. நம் சாம்பாரில் வெங்காயம் இல்லாத நாள் எது? ஆகவே தனிச் சமையல். எல்லாம் கூட்டி மாதம் 2,000 ரூபாய் என்று எழுதினோம். நோய்க்கென்று தனியே சேமிக்க வேண்டியதை அதில் சேர்க்கவில்லை.

பணத்தைவிடக் காலமே எங்களைத் தயங்கச் செய்தது. இவ்வகை நாய்கள் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியவை. “நாய் கிழமாகும்போது உனக்கு இருபத்தேழு வயது. எந்த ஊரில் இருப்பாயோ?” என்று மகளிடம் கேட்டோம். அவள் பதில் கூறாமல் எழுந்து சென்றுவிட்டாள்.

அதுவரை பேசாதிருந்த பாட்டிதான் எங்களைத் திகைக்க வைத்தார். “பிள்ளைக்காக வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். எனக்காக ஒன்று வாங்கலாமே? காலையில் நீங்கள் போனால் மாலைவரை நான் வாய் திறப்பதே இல்லை” என்றார். அவருடைய பகற்பொழுதை அந்த நோட்டில் நாங்கள் எழுதவே இல்லை. ஆனால் காலடியில் சுற்றும் குட்டி தடுக்கி அவர் விழுந்தால், இடுப்பெலும்பு என்னாகும்? இரண்டு வாரம் இதே விவாதம்.

குட்டி வேண்டாம், வளர்ந்த நாயே போதும் என்ற யோசனை மருத்துவருடையது. பணி மாற்றலாகி வடநாட்டுக்குச் செல்லவிருந்த ஒரு குடும்பத்தினர், தங்கள் ஐந்து வயது ஸ்பிட்ஸ் நாய்க்கு இடம் தேடிக்கொண்டிருந்தனர். நம் வெயிலில் பிறந்து வளர்ந்தது. துள்ளும் பருவத்தைக் கடந்தது. ஒழுங்காகத் தடுப்பூசி போட்டது. ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியே அழைத்து வந்தோம். அது இருக்குமிடம் பாட்டிக்குத் தெரியும்படி பட்டையில் சிறு சலங்கை கோத்தோம். விடியற்காலை உலாவ அழைத்துச் செல்வது மகளின் பொறுப்பு. பகலில் தயிர்சோறு தருவதும் ஊர்க்கதை சொல்வதும் பாட்டியின் பொறுப்பு.

ஸ்பிட்ஸ் இனம் குரைப்பதில் வல்லது. ஆகையால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை முன்னதாகவே எழுத்தில் வாங்கிக்கொண்டோம். இந்த எட்டு மாதத்தில் அவர் இருமுறை படியேறி வந்தார். முதல்முறை, இரவில் குரைத்தது பற்றிச் சொல்ல. இரண்டாம் முறை, இரண்டு நாளாகச் சத்தமே இல்லையே, நாய்க்கு உடல் நலமில்லையா என்று கேட்க.