பசுவும் காசும் ஒரே கணக்கா?

அண்மையில் ஒரு பயிலரங்கில், வெண்பாவை அசை பிரிக்கும் மென்பொருளை இளைஞர் ஒருவர் அறிமுகம் செய்தார். உயிரை எண்ணுவதே அதன் வேலை. பசுவுக்கு இரண்டு, காசுக்கும் இரண்டு. அரங்கு கைதட்டியது. யாப்பும் ஒலியனியலும் நடத்தியே தலை நரைத்த எனக்குப் பொறுக்கவில்லை.

பசு நிரை, ஓரசை. காசு யாப்பருங்கலக் காரிகைப்படி நேர்நேர், ஈரசை. தொல்காப்பியருக்கு நேர்பு என்னும் ஓரசை. வரகை எடுத்தால் உயிரை எண்ணும் சிலபிள் கணக்கில் மூன்று, காரிகைக்கு அசை இரண்டு, தொல்காப்பியருக்கு ஒன்றே, நிரைபு. மூன்று கணக்கும் சரி. எதை அளக்கிறோம் என்பதுதான் வேறு.

வம்பு முழுவதும் கடைசி உகரத்தில் இருக்கிறது. என் ஆசிரியர் இதற்கு நூற்பா சொல்லித் தொடங்கமாட்டார். “ஐ சேர்த்துச் சொல்லுடா” என்பார். பசுவை. காசை. ஒன்றில் உகரம் அசையாமல் நின்று வகரத்தை வரவழைக்கிறது, மற்றதில் சுவடில்லாமல் போய்விடுகிறது. வரகும் அரிசியும் கூடினால் வரகரிசிதான். பிறகு உதட்டைப் பார்ப்பார். காசு என்னும்போது உதடு குவிந்தால் அன்றைய பாடம் அதோடு நின்றது. வாரக்கணக்கில் இதே பயிற்சி. வெண்பா ஈற்றில் காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளும் வரலாம் என்ற விதியை அவர் கடைசியில் சொன்னபோது, எங்கள் காதுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. காசின் உகரம்போல் அரை மாத்திரையே ஒலிக்கும் உயிர் தனி அசைக்குத் தலையாகுமா, முன்னசையோடு ஒட்டிக்கொள்ளுமா? தொல்காப்பியர் ஒட்டவைத்தார். என் கட்சியும் அதுவே.

எதை அலகாகக் கொள்வது என்ற கேள்வி மேலைநாட்டிலும் உண்டு. அங்கே 1968இல் சாம்ஸ்கியும் ஹாலேயும் எழுதிய ஆங்கில ஒலியனியல் நூலில் சிலபிளுக்கு இடமே இல்லை. 1976இல் டேனியல் கான் தம் ஆய்வேட்டில் அதை மீட்டார். 1985இல் லாரி ஹைமன் ஒலியின் எடையையே அடிப்படை அலகாக வைத்துப் புத்தகம் எழுதினார். மாத்திரை எண்ணிப் பழகிய நமக்கு அது அந்நியமான பேச்சல்ல. சீரின் தொடக்கத்தில் குறில் தனியே நிற்காமல் அடுத்த எழுத்தைச் சேர்த்துக்கொண்டு நிரையாவதை எடையைக் கொண்டே வகுப்பில் விளக்கிவந்தேன்.

இப்போது முதுகலையில் அசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரிது. தேமா, புளிமா என்று வாய்பாட்டை எழுதினால் மதிப்பெண் விழுகிறது. ஒரு வெண்பாவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் தேர்வு எதையும் நான் கண்டதில்லை. அப்படிப் படித்தவர்களே நாளை மென்பொருளுக்கு விதி எழுதித் தருகிறார்கள்.